முள்ளெலிக்கு ஒரு பகலும் ஓர் இரவும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. நாய் பற்றியும் பூனை பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முள்ளெலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லண்டனில் சிறு விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை செய்கிறேன். குளிர்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தொலைபேசிக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "எங்கள் முள்ளெலி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, சுருண்டே கிடக்கிறது. குளிர்கால உறக்கத்துக்குப் போய்விட்டது போல. அப்படியே தூங்க விடலாமா?"

விடக்கூடாது. உடனே எழுப்ப வேண்டும், அதாவது சூடேற்ற வேண்டும். ஏன் என்பதையும், அந்த நிலைமை வராமலே பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் இரண்டு வகை முள்ளெலிகளை மக்கள் பார்க்கிறார்கள். ஒன்று, இரவில் நம் தோட்டத்துக்கு வந்து நத்தையும் வண்டும் தேடுகிற ஐரோப்பிய முள்ளெலி. அது இலையுதிர் காலத்தில் வயிறு முட்டத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்கிறது. நவம்பர் வாக்கில் சருகுக் குவியலுக்குள் புகுந்து, வசந்தம் வரும்வரை உறங்குகிறது. உடல் வெப்பம் 35 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். நிமிடத்துக்கு 190 தடவை துடித்த இதயம் 20 தடவைதான் துடிக்கும். அந்த உடம்பு அதற்காகவே அமைந்தது. அது காட்டு விலங்கு, 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு, பிடித்து வளர்க்க வேண்டியதல்ல.

வீட்டில் வளர்க்கப்படுவது இன்னொன்று, ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி. செனகல் தொடங்கிச் சூடான், தான்சானியா பக்கம் வரை புல்வெளிகளில் வாழ்கிற இனம். இரண்டு கைகளில் அடங்கிவிடும், எடை பொதுவாக 300 முதல் 600 கிராம். அதன் சொந்த மண்ணில் பனிக்காலமே கிடையாது. அதனால் மாதக்கணக்கில் குளிர் உறக்கம் போட அதன் உடம்பு தயாராவதில்லை. குளிர் தாக்கினால் அதுவும் சுருண்டு விறைத்துப்போகும், பார்ப்பதற்கு உறக்கம் போலவே இருக்கும். ஆனால் தாக்குப்பிடிக்கிற கொழுப்பு உள்ளே இல்லை. அப்படியே விட்டால் இறந்துவிடும்.

நம் தென்தமிழ்நாட்டிலும் ஒரு முள்ளெலி உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட காடுகளிலும் செம்மண் தேரிகளிலும் இருக்கிறது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கண்ணில் பட்டால், பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அதன் வழியில் விட்டுவிடுங்கள்.

சரி, அந்த விறைப்பு நிலைமை வராமல் இருக்க வெளிச்சமும் வெப்பமும் சரியாக இருக்க வேண்டும். முதலில் வெளிச்சத்துக்கு வருவோம்.

இரவில் நடமாடும் விலங்குக்கு வெளிச்சம் எதற்கு, இருட்டான மூலையில் கூண்டை வைத்துவிட்டால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கண்ணில் படுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை இது பகலா இரவா என்று தெரிந்துகொள்கிறது. இருட்டானால் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், வெளிச்சம் வந்தால் அது அடங்கிவிடும். இரவு நீண்டுகொண்டே போனால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். உடம்புக்கு அது குளிர்காலம் வருகிறது என்ற செய்தி. ஆப்பிரிக்காவில் இந்த விலங்கு வாழும் பகுதிகளில் பகல் என்பது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். கூடினாலும் குறைந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், நமக்கும் அதே பகல்தான். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணி நேரம்.

இப்போது நம் வீடுகளில் டிசம்பர் மாதத்து ஒரு நாளைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிடுகிறோம். திரைச்சீலை மூடியபடி இருக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு ஹீட்டிங் எதற்கு என்று அணைத்துவிடுகிறோம், எரிவாயு பில் அப்படி. நாலு மணிக்கெல்லாம் வெளியே இருட்டு. பிள்ளைகள் வந்ததும் எல்லா விளக்கும் எரியும், ஹீட்டிங் ஓடும், டிவி ஓடும், பதினொன்று பன்னிரண்டு வரை ஹால் ஜகஜோதியாக இருக்கும். அப்புறம் படுக்கப் போகும்போது ஹீட்டிங்கைக் குறைத்துவிடுகிறோம். கூண்டுக்குள் இருக்கும் முள்ளெலிக்கு இது எப்படி இருக்கும்? பகல் முழுக்க இருட்டும் குளிரும். அது எழுந்து ஓட வேண்டிய நேரத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சம். எல்லாம் அடங்கி இருட்டானதும் மறுபடி குளிர். இந்த வீட்டில் யாருக்கும் அதன்மேல் அன்பு குறைவில்லை. ஆனால் அதற்கு ஒரு பகலும் கிடைக்கவில்லை, ஓர் இரவும் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. கூண்டு இருக்கும் அறையில் ஒரு சாதாரண எல்இடி மேசை விளக்கு, அதற்கு ஒரு பிளக் டைமர். காலை ஏழு மணிக்கு எரியட்டும், இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு அணையட்டும். 13 அல்லது 14 மணி நேர வெளிச்சம் கிடைத்துவிடும். விளக்கு கூண்டுக்குள் நேராக அடிக்கக் கூடாது. அறையில் உட்கார்ந்து ஒருவர் பேப்பர் படிக்கலாம் என்கிற அளவு வெளிச்சம் போதும். முள்ளெலி பகலில் துணிப்பைக்குள்ளோ மரப்பெட்டிக்குள்ளோதான் தூங்கும். அந்த வெளிச்சம் வாசல் வழியாகக் கசிந்து உள்ளே போனால் சரி. ஆமைக்கும் பல்லிக்கும் வைக்கிற யுவிபி விளக்கு இதற்குக் கட்டாயம் இல்லை. வெளிச்சத்துக்காகக் கூண்டை ஜன்னல் ஓரத்தில் வைப்பவர்கள் உண்டு, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜனவரியில் கண்ணாடி வழியாகக் குளிர் இறங்கும், ஜூலையில் வெயில் சுடும், ஜூன் மாதத்து ஒன்பதரை மணி வரையிலான வெளிச்சம் அதன் இரவையே தின்றுவிடும்.

விளக்கு அணைந்த பிறகு உண்மையான இருட்டு வேண்டும். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஹால் விளக்கு, டிவி, பிள்ளைகளின் கேம் திரை எல்லாம் அதற்குப் பகல்தான். வெளிச்சம் இருந்தால் சில முள்ளெலிகள் வெளியே வரவே வராது. சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் அல்லது ஓடாமல் உட்கார்ந்து தின்று கொழுக்கும். கொழுத்த முள்ளெலியால் முழுதாகச் சுருள முடியாது, தாடைக்கடியிலும் முன்னங்கால் இடுக்கிலும் சதை பிதுங்கி நிற்கும். அப்படி வருகிறவற்றை மருத்துவமனையில் பார்க்கும்போது, கூண்டு எந்த அறையில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஹாலில் என்றால், இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று அடுத்த கேள்வி.

இன்னொரு ஆசை சிலருக்கு உண்டு. விளக்கை இரவில் போட்டு, பகலில் அணைத்து, முள்ளெலியின் நாளைப் புரட்டிவிட்டால் பகலில் விளையாடலாமே என்று. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இரவு விலங்குகளுக்கான கட்டடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மை. ஆனால் அது ஜன்னலே இல்லாமல், விளக்கு, வெப்பம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்திக் கட்டிய இடம். நம் வீட்டுப் படுக்கையறையில் கதவைத் திறந்தாலே வெளிச்சம் உள்ளே வந்துவிடும். பாதி புரண்ட நாள் அதற்குப் பகலும் ஆகாது, இரவும் ஆகாது. செய்யாதீர்கள்.

வெளிச்சத்தோடு கூடவே பேச வேண்டியது வெப்பம். 23 முதல் 27 டிகிரி வரை இதற்கு ஏற்றது. 20க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. 30ஐத் தொட்டால் அதுவும் கெடுதல்தான், காலை நீட்டித் தட்டையாகப் படுத்துக்கொண்டு இரைக்கும். இரவிலும் வெப்பம் தேவை, ஆனால் வெளிச்சம் கூடாது. அதனால் சூடு தரும் பல்புகளை வாங்காதீர்கள், சிவப்பு பல்பும் வேண்டாம். செராமிக் ஹீட் எமிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். அது வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும். அதோடு தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும், சுற்றிலும் ஒரு கம்பிவலைக் காப்பும் வேண்டும். அடியில் விரிக்கிற ஹீட் மேட் மட்டும் போதாது, அது தரையைச் சுடவைக்குமே தவிரக் காற்றைச் சூடாக்காது. தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல், முள்ளெலி படுக்கிற உயரத்தில் வையுங்கள். குளிர் எப்போதும் தரையில்தான் தேங்கும்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் பாய்லர் நின்றுபோகலாம். அப்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மாலையில் எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் குடித்தவர் போலத் தள்ளாடுகிறது. தொட்டால் சீறுவதும் உப்புவதும் இல்லை அல்லது மிக மெதுவாகச் சுருள்கிறது. அப்போது உங்கள் விரலை அதன் வயிற்றில் வையுங்கள். ஆரோக்கியமான முள்ளெலியின் வயிறு கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். சில்லென்று இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். உங்கள் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். முள் குத்தும், ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வெந்நீரில் போடாதீர்கள், ஈர உடம்பு மறுபடி விரைவாகக் குளிர்ந்துபோகும். ஹேர் டிரையரும் வேண்டாம், திடீர் சூடு உடம்புக்குத் தாங்காது. மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர், பால் எதையும் ஊற்றாதீர்கள். மெதுவாகச் சூடேறி அது நெளியத் தொடங்கினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். தள்ளாட்டத்துக்கு வேறு நோய்களும் காரணமாக இருக்கலாம். இதுபோன்ற விலங்குகளைப் பார்க்கிறவர் யார், இரவில் எங்கே திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே கேட்டுக் குறித்துவைத்துவிடுங்கள். எல்லா மருத்துவர்களும் முள்ளெலியைப் பார்ப்பதில்லை.

அன்றாட வேலைகளையும் அந்த விளக்கோடு கட்டிப்போடுங்கள். விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால் சாப்பாடு. தரமான, கொழுப்புக் குறைந்த பூனை உலர் உணவு, அதோடு கொஞ்சம் பூச்சிகள். பால் கூடாது, அதற்குச் செரிக்காது. கையில் எடுத்துப் பழக்குவதற்கும் அந்த வேளைதான் நல்லது. மங்கிய விளக்கில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பந்தாகிவிடும், மூக்கால் புஸ் புஸ் என்று ஊதும். எதுவும் செய்யாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் நெற்றி முள் தளரும், ஈரமான மூக்கு முதலில் வெளியே வரும், உங்கள் கையை முகர்ந்து பார்க்கும். அதற்குக் கண்பார்வை குறைவு, மோப்பமும் காதும்தான் எல்லாம். கிரீம் பூசிய கையோடு தூக்கினால் ஒவ்வொரு நாளும் நீங்கள் அதற்குப் புதிய ஆள். அதே காரணத்துக்காகத்தான் அது இருக்கும் அறையில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் வேண்டாம் என்கிறேன், தாளிக்கிற புகையும் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுசக்கரம் அவசியம். விட்டம் குறைந்தது 28 சென்டிமீட்டர் இருக்கட்டும், ஓடும் தளம் துளையோ கம்பியோ இல்லாமல் வழவழப்பாக இருக்கட்டும். கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டி ஒடிந்துபோகும். ஓர் இரவில் சில கிலோமீட்டர்கள் ஓடும், ஓடிக்கொண்டே மலமும் கழிக்கும், காலையில் சக்கரத்தைப் பார்த்தாலே இரவு எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். சக்கரம் சுத்தமாகக் கிடந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். சக்கரத்தைக் கழுவிய பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்த விலங்கிடமிருந்து சால்மோனெல்லா என்ற கிருமி தொற்றலாம், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு. வாரம் ஒரு தடவை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். சமையல் தராசை எடுக்காமல் அதற்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறோம். உங்கள் டைமர் தானாக மாறும் வகையா என்று பாருங்கள். முள்ளெலிக்கு அந்த ஒரு மணி நேர மாற்றம் தேவையே இல்லை, பழைய நேரத்திலேயே விட்டுவிடலாம். உங்களுக்கு அது தோதுப்படாவிட்டால் நாளுக்குக் கால் மணி நேரமாக நகர்த்துங்கள். அக்டோபர் மாற்றத்தை ஒட்டிய வாரங்களில் தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி வாணவேடிக்கையும் சேர்ந்து வருகின்றன. அந்த இரவுகளில் கூண்டைத் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். டைமரையும் ஹீட்டரையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், அவர்கள் வீட்டு ஹீட்டிங் இரவில் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று கேட்டுவிட்டு ஒப்படையுங்கள். டைமர், ஹீட்டர், தெர்மாமீட்டர் மூன்றும் கூண்டோடு போகட்டும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்பதையும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.