சம்பளத்தைக் கேளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், பகல் முழுக்கச் செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு இந்தக் கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் நம் மலேசிய மண்ணின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் என் வணக்கம்.

"அறநிறுவனத் தலைவர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்துத்தான் நன்கொடை கொடுக்க வேண்டுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் "ஆமாம்" என்றார். அவருக்குப் பின் பேசிய அண்ணன், "பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி போடும் பத்து வெள்ளியில் இன்னொருவர் கார் ஓட்டுவதா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் சொன்ன பாட்டி என் அம்மாதான் என்று தோன்றியது. முப்பது வருடத்துக்கு மேல் விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கொடுத்து வேலைக்கு நிற்க, போனவர் என் அம்மா. இன்றைக்கும் மாதம் பிறந்தால் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் பத்து வெள்ளியை, அதாவது பத்து ரிங்கிட்டை, உறையில் போட்டு ஒட்டி வைப்பார்.

அந்தப் பத்து வெள்ளியின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையால்தான் நான் இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம், வேலையைப் பார்த்துக் கொடுங்கள் என்பது எங்கள் அணியின் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம் எங்கள் தோட்டத்தில் ஒரு டியூஷன் மையம் இருந்தது. பழைய பாலர் பள்ளிக் கட்டடம், இரண்டு மின்விசிறி, ஒரு கரும்பலகை. அதை நடத்தியவர் ஒரு காசு சம்பளம் வாங்கவில்லை. அதையே எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் அவருக்கு மாலை போட்டார்கள். சம்பளம் வாங்காதவர் என்ற ஒரே காரணத்துக்காக நன்கொடையும் தாராளமாக வந்தது.

அவர் நல்ல மனிதர். இன்றும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவருக்குச் சொந்தமாக லோரித் தொழில் இருந்தது. லோரி கெட்டுப்போனால் அந்த வாரம் மையத்துப் பக்கம் வர முடியாது. சங்கப் பதிவிலாகாவிலிருந்து வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன. ஆசிரியர்களுக்கு நான்கு மாதம் பணம் போகவில்லை. பணம் வங்கியில் இருந்ததாம். காசோலையில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. ஜூலை மாதம் கணக்கு ஆசிரியர் நின்றுவிட்டார். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். அந்த நவம்பரில் இருந்தது. எங்களோடு படித்த பலர் அந்த வருடம் கணக்கில் தேறவில்லை. அவர்களில் ஒருத்தி, என்னைவிடக் கெட்டிக்காரி, இன்று சிங்கப்பூரில் துப்புரவு வேலை பார்க்கிறாள். சம்பளப் பத்தியில் சுழியம் என்று எழுதியிருந்த அந்த நிர்வாகத்துக்கு அவள் கொடுத்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

சரி, "ஒரு மையத்தின் கதையை வைத்து முடிவு சொல்லலாமா?" என்று எதிரணியினர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் கொண்டுவந்த பெரிய ஆயுதத்துக்கே வருகிறேன்.

சிங்கப்பூர் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தைச் சொன்னார்கள். அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரை மாதம் 25,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார், 12 மாத போனஸும் சேர்ந்து ஆண்டுக்கு 6 லட்சம் என்றார்கள். உண்மை. அலுவலகக் கழிவறையில் தங்க முலாம் பூசிய குழாய் என்று 2004-இல் ஒரு பத்திரிகை எழுதியது. அவரும் நிறுவனமும் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 2005 ஜூலையில் விசாரணை தொடங்கி இரண்டே நாளில் அந்த வழக்கை அவர்களே கைவிட்டார்கள். சில நாளில் அவர் பதவி விலகினார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. அந்தச் சம்பளம் நியாயமானது என்றும் நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளில் நீதிமன்றத்தில் வேறு என்ன வெளியே வந்தது? அதை எதிரணி சொல்லவில்லை. கையிருப்பு மூன்று வருடத்துக்குத்தான் போதும் என்று மக்களிடம் சொல்லிச் சொல்லிக் காசு கேட்ட நிறுவனத்திடம், அதைப்போலப் பல மடங்கு ஆண்டுகளுக்குப் போதுமான பணம் இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையையும் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஏமாற்று அங்கேதான் நடந்தது. இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அதே துரை மாதம் 5,000 வெள்ளி மட்டும் வாங்கியிருந்தால்? எதிரணியின் அளவுகோலில் அவர் தேறிவிடுவார். கையிருப்பைப் பற்றிய பொய் அப்படியே தொடர்ந்திருக்கும், மக்களும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் வருத்தமான விஷயம். ஆயிரக்கணக்கானோர் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதான ஒருவர் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். தலைவர் விலகினார் என்பதற்காக அந்த நோயாளியின் ரத்தம் தானாகச் சுத்தமாகாது. புதிய நிர்வாகம் வந்து அந்த நிலையங்களைத் தொடர்ந்து நடத்தியது, அதனால் பிழைத்தார்கள். இந்த மண்டபத்திலேயே செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையை எண்ணி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எதிரணி இரண்டாம் பேச்சாளர் "தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்றார். நல்ல பழமொழி. ஆனால் கூலி கொடுத்து, எவ்வளவு கூலி என்று ஊருக்குச் சொல்லி ஒருவரைத் தேன் எடுக்க அனுப்பினால், அவர் கையை நாம் உரிமையோடு சோதிக்கலாம். "எனக்கு ஒன்றும் வேண்டாம், சேவைதான்" என்று போகிறவரை யார் சோதிக்கிறார்கள்? கேட்கவே நமக்குக் கூச்சம். சம்பளம் சுழியம் என்று எழுதிவிட்டு, தன் சொந்தக் கட்டடத்தையே இல்லத்துக்கு வாடகைக்கு விடலாம். சாப்பாட்டுக் குத்தகையை மைத்துனருக்குக் கொடுக்கலாம். பெட்ரோல், கைப்பேசி, "இதர செலவு" என்று மாதாமாதம் எழுதலாம். கணக்குப் படித்தவள் என்பதால் சொல்கிறேன். நான் ஆண்டறிக்கையைத் திறந்தால் முதலில் பார்ப்பது அந்த "இதர செலவு" வரியைத்தான். சம்பளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் எண். பணம் கசிவது பெரும்பாலும் வேறு வரியில்.

இது என் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் அறநிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவலும் தரமும் சொல்லிவந்த அமைப்புகளில் மூன்று: கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ். 2013-இல் இந்த மூன்றும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள், வெளிப்படைத் தன்மை, நிர்வாகம், செய்து காட்டிய பலன் ஆகியவற்றைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டன. எடைபோடுவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் சொன்னது இது.

இப்போது நம் ஊருக்கே வருகிறேன். சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு, இந்த ஊரில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தனைச் சொல்லாமல் போக முடியாது. வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்ட காலத்தில், 1960-இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது கூட்டுறவு, அறநிறுவனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதுவும் ஏழையின் பத்து வெள்ளிதான். வாங்கிய தோட்டத்தை யார் நடத்துவது? மேனேஜர் வேண்டும், கணக்கு எழுதும் கிராணி வேண்டும், மரம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். இலவசமாக ஒரு மேனேஜர் வருவார் என்று காத்திருந்தால் அந்த நிலம் லாலான் புல் மண்டிப் போயிருக்கும். வேலை தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுப்பது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம் என்று இந்த ஊர் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

நடுவர் ஐயா, இனி நான் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

அறநிறுவனத் தலைவர் சம்பளம் வாங்கக் கூடாது, அல்லது பேருக்கு ஏதோ வாங்கலாம் என்று நாம் விதி வைத்தால், யார் அந்த நாற்காலியில் உட்கார முடியும்? பணி ஓய்வு பெற்றவர், முதலாளியான தவுக்கே, நிலபுலன் உள்ளவர். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்ணால் முடியுமா? வீட்டில் தம்பி படிக்க வேண்டும், அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும். அவளுக்குச் சேவை செய்ய ஆசை இருக்காதா? பசி தெரிந்தவளைவிடப் பசியைப் போக்கும் வேலைக்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் அவளிடம் "இலவசமாகச் செய்" என்கிறோம். அவள் பினாங்குத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறாள். நம் பிள்ளைகளின் பிரச்சினையைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலிகளில் நம் பிள்ளைகள் உட்காராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. மறைக்க விரும்பவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். அரிசி மூட்டை, எண்ணெய்ப் புட்டி, பிஸ்கட் டின் என்று அறை நிறைந்து கிடக்கும். படம் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். அரிசியில் வண்டு. மின்கட்டணம் கட்டவில்லை. பிள்ளையை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஓட்டுநர் இல்லை. "எங்களுக்கு அரிசி போதும், வேறு தேவை இருக்கிறது" என்று நன்கொடையாளரிடம் துணிந்து சொல்லவும், வருடம் முழுக்கத் திட்டம் போடவும் முழுநேரமாக ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும், ஊழியர் சேமநிதி வேண்டும், சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஓர் இல்லம் வருடத்துக்கு 5 லட்சம் வெள்ளி திரட்டுகிறது, தலைவரின் சம்பளம் வருடத்துக்கு 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் பத்து வெள்ளியில் ஒரு வெள்ளி இருபது காசு அதற்குப் போகும். எதிரணி அந்த ஒரு வெள்ளி இருபது காசைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. மீதி எட்டு வெள்ளி எண்பது காசு என்ன ஆனது என்று நான் கேட்கிறேன்.

"அப்படியானால் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே கூடாதா?" என்றால், கட்டாயம் கேளுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கிலாந்தில் 60,000 பவுனுக்கு மேல் வாங்குவோர் எத்தனை பேர் என்பதைப் பெரிய அறநிறுவனங்கள் கணக்கில் காட்டியாக வேண்டும். இங்கேயும் அப்படி வந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். சம்பளத்தைச் சொல்ல மறுத்தால் சந்தேகப்படுங்கள். தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்கிறார் என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். "போயிற்றா?" என்று கேளுங்கள். "யார் தணிக்கை செய்தார்?" என்று கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று கேளுங்கள். இத்தனையும் கேட்ட பிறகு, வேலைக்குப் பொருந்தாத சம்பளம் என்று உங்கள் மனதில் பட்டால் கொடுக்காதீர்கள். அப்போதும் நீங்கள் முடிவு செய்தது வேலையைப் பார்த்துத்தான்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்லி இறங்குகிறேன். வாசலில் ஒரு மேசை போட்டு நம் வட்டாரத்து டியூஷன் மையத்துக்கு நன்கொடை வாங்குகிறார்கள். அங்கே சனிக்கிழமைகளில் நானும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. மேசையில் இருக்கும் பெண்தான் அதன் முழுநேரப் பொறுப்பாளர். மாதச் சம்பளம் 3,500 வெள்ளி, கேட்டால் அவரே சொல்வார். அவரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இந்த ஆண்டு நின்றுபோன பிள்ளைகளின் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஏன் நின்றார்கள் என்ற காரணத்தோடு. அவர்களில் மூன்று பேர் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார். மூன்றும் மூன்று தோட்டத்தில் இருக்கின்றன. வண்டிக்கு எண்ணெய் போட வேண்டும்.

நன்றி, வணக்கம்.