கதைக்கூடல் ஏன் புலம்பல் கூட்டமா முடியுது?

அடுத்த கேள்வி ஒரு கிராமத்து வாசகர் வட்டத்துல இருந்து. "தொழில்நுட்பம், அதிகாரம், நாளைய ஊர்னு தலைப்பு வெச்சு கதை சொல்ற கூட்டம் நடத்தினோம். ஒரு மணி நேரம் எல்லாரும் செல்போனைத் திட்டினாங்க. அப்புறம் பசங்க ரோபோ கதை சொன்னாங்க. ஒண்ணும் தேறலை. எங்க தப்பு பண்ணோம்?"

தலைப்புலயே தப்பு தொடங்கிடுச்சுங்க. "தொழில்நுட்பம் பத்திச் சொல்லுங்க"ன்னா கருத்துதான் வரும், கதை வராது. கருத்துன்னு வந்துட்டா படிச்சவர் பேசுவார், மத்தவங்க தலையாட்டுவாங்க. அதனால இப்படிக் கேளுங்க: "ஒரு மெஷின் முன்னாடி, இல்ல ஒரு ஆப் முன்னாடி, நீங்க நின்ன ஒரு நாளைச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

உட்கார்ற முறையும் முக்கியம். அமெரிக்காவுல மிசிசிப்பியில 1963ல ஃப்ரீ சதர்ன் தியேட்டர்னு ஒரு நாடகக்குழு தொடங்கினாங்க, கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டக் காலம். அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் ஓ'நீல் வளர்த்தெடுத்த முறைதான் கதை வட்டம். விதி ரொம்பச் சின்னது. ஒரு வட்டத்துக்கு பத்துப் பேர். ஆளுக்கு மூணு நிமிஷம். ஒருத்தர் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, கேள்வி கேக்கக்கூடாது, "எனக்கும் இப்படித்தான்"னு கூடச் சொல்லக்கூடாது. வாய்க்கு வரலைன்னா "அடுத்தவர்"னு விட்டுட்டு கடைசில சொல்லலாம். நாப்பது பேர் வந்தா ஒரே பெரிய வட்டம் போடாதீங்க, நாலு வட்டமாப் பிரிங்க. மைக் வேண்டாம். மைக்கைக் கையில கொடுத்தா கதை சொல்ல வந்தவரும் மேடைப்பேச்சுக்குப் போயிடுவார். வீடியோவும் எடுக்காதீங்க. வார்டு உறுப்பினரோ அதிகாரியோ வந்திருந்தா, அவங்களைப் பத்தின கதை வரக்கூடிய வட்டத்துல உட்கார வைக்காதீங்க, ஒருத்தர் வாய் திறக்க மாட்டாங்க.

இப்ப ஒரு கதை வருதுன்னு வெச்சுக்குங்க. ரேஷன் கடை. பாட்டி கட்டைவிரலை வெக்கிறாங்க, மெஷின் ஏத்துக்கல. முந்தானையில விரலைத் துடைச்சுட்டு மறுபடி வெக்கிறாங்க. எச்சில் தொட்டு வெக்கிறாங்க. அப்பவும் விழல. பின்னாடி நிக்கிறவர் முணுமுணுக்கிறார், கடைக்காரர் "நாளைக்கு வாங்கம்மா"ங்கிறார். பாத்திரம் தேய்ச்சு, சித்தாள் வேலை பார்த்து ரேகை தேஞ்ச விரல் அது, வயசானா தோலும் வறண்டுடும், மெஷினுக்குப் பிடிபடாது. இதைக் கேட்டா உடனே எல்லாருக்கும் அரசாங்கத்தைத் திட்டத் தோணும். அங்க நிறுத்துங்க. சுற்று முடிஞ்சப்புறம் மூணே கேள்வி: மெஷின் "இல்ல"ன்னா அதுதான் கடைசி வார்த்தைன்னு முடிவு பண்ணது யாரு? அந்த இடத்துல நின்னவங்கள்ல அதை மாத்தற அதிகாரம் யாருக்கு இருந்துச்சு? தப்பு நடந்தா யாருக்கு ஒரு நாள் போச்சு? இந்த மூணுல அதிகாரம் முழுசா வெளிய வந்துடும். பதில்களை நாலு நாலு வார்த்தையா சார்ட்ல எழுதி ஒட்டுங்க. நீளமா எழுதவிட்டா புலம்பல் திரும்ப உள்ள வந்துடும்.

குறை சொல்ற நேரத்தையும் கனவு காண்ற நேரத்தையும் கலக்கவே கலக்காதீங்க. உங்க கூட்டம் சரிஞ்சது பெரும்பாலும் இங்கதான். ராபர்ட் யூங்க்னு ஒருத்தர், ஜெர்மன் மொழியில எழுதினவர், எதிர்காலப் பட்டறைன்னு ஒரு முறையை உருவாக்கினார். முதல்ல குறை, அப்புறம் கற்பனை, அப்புறம் செயல்னு மூணு கட்டம். கற்பனைக் கட்டத்துல "இதெல்லாம் நடக்காதுப்பா"ங்கிற வார்த்தைக்கே தடை. நீங்க கையில ஒரு சின்ன மணியை வெச்சுக்குங்க. யாராவது அப்படிச் சொன்னா மணியை ஒரு தடவை அடிங்க, சிரிச்சுட்டு அடுத்தவர் தொடர்வார்.

எத்தனை வருஷம் தள்ளிக் கற்பனை பண்றது? எலிஸ் போல்டிங்ங்கிற சமூகவியலாளர், ஆயுதமில்லாத உலகத்தைக் கற்பனை பண்ற பட்டறை நடத்தினவங்க, 30 வருஷம்னு வெச்சாங்க. அது நல்ல அளவுதான். அஞ்சு வருஷம்னா "அதுக்குள்ள எப்படி"ன்னு மனசு முரண்டு பிடிக்கும். நூறு வருஷம்னா மாயக்கதை ஆயிடும். முப்பதுன்னா இன்னைக்கு இருக்கற குழந்தைங்க அப்பவும் இருப்பாங்க.

சொல்ற விதம் இறந்தகாலமா இருக்கணும். "ரேஷன் கடை இப்படி இருக்கும்"னு சொல்லவிடாதீங்க. "நேத்து ரேஷன் கடைக்குப் போனேன், விரல் விழல, கடைக்காரர் நோட்டை எடுத்தார், பக்கத்து வீட்டுக்காரம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க, நான் அரிசி வாங்கிட்டு வந்தேன்." இப்படி நடந்து முடிஞ்சதாச் சொன்னாத்தான் யார் என்ன பண்ணாங்கன்னு வரும். ரோபோ கதை வந்தா கோபப்படாதீங்க. பையன் பொருளைச் சொல்றான், மனுஷனைச் சொல்லல, அவ்வளவுதான். "அந்த ரோபோ கெட்டுப்போன அன்னைக்கு உங்க வீட்டுல யார் சமைச்சாங்க?"ன்னு கேளுங்க, கதை வந்துடும். எல்லாமே சுகமா இருக்குன்னு யாராவது சொன்னா, "அந்த ஊர்ல கடைசியா எதுக்குச் சண்டை வந்துச்சு, யார் தீர்த்து வெச்சாங்க?"ன்னு கேளுங்க. சண்டையே இல்லாத ஊரை யாரும் நம்ப மாட்டாங்க, சொல்றவரே நம்ப மாட்டார்.

அப்புறம் அந்தக் கனவு ஊர்ல இருந்து இன்னைக்கு நோக்கிப் பின்னாடி நடங்க. அந்த சாட்சி நோட்டு வர்றதுக்கு முந்தின வருஷம் என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன, இப்படியே அடுத்த மாசம் வரைக்கும் வரணும். அடுத்த மாசத்துக்கு வர்றது ஒரு மனுவா இருக்கலாம்: விரல் விழாதவங்களுக்கு என்ன மாற்று வழின்னு கடை வாசல்ல எழுதி ஒட்டச் சொல்லி. அதுல யார் எழுதறா, எந்தத் தேதின்னு பேர் போட்டுத்தான் எழுந்திருக்கணும்.

மொத்தம் ரெண்டரை மணி நேரம் ஆகும். டீயைக் கடைசில கொடுக்காதீங்க. குறைச் சுற்றுக்கும் கனவுச் சுற்றுக்கும் நடுவுல கால் மணி நேரம் கொடுங்க, திரும்பி வரும்போது ஒட்டின சார்ட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு வெச்சிருங்க.