குடை எட்டாத உச்சி

நடுவர் அவர்களே, இந்த ஞாயிறு மாலையில் அல்சூர் வரை வந்து அமர்ந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் அக்கறைக்கு முதலில் உரியது சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கா, சோலைக்கிளி என்னும் சிறு பறவையா என்பது வழக்கு. எதிரணித் தலைவர் மந்திக்காக வைத்த கணக்குகளை நான் மறுக்கவில்லை. காட்டில் முதிர்ந்த மந்திகள் 2,500-க்கும் குறைவு என்பதும், பெண் மந்தி முதல் குட்டியை ஈனவே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மையே. ஆனால், மந்தியைக் காத்தால் அதன் குடைக்கீழ் மற்ற உயிர்களும் பிழைத்துக்கொள்ளும் என்றாரே, அங்கேதான் வழக்கு என் பக்கம் வருகிறது.

மந்தி பெரும்பாலும் வாழ்வது வெடிப்பலா காய்க்கும் இடைமலை மழைக்காட்டில். நீலகிரி சோலைக்கிளியோ அதற்கும் மேலே, புல்வெளிகளுக்கு இடையில் மலைமடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளின் ஈர நிழலில், தரையை ஒட்டி இரை தேடும் பறவை. பெயரைக் கேட்டு நடுவர் பச்சைக்கிளியை நினைத்துவிட வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றாலே பறவைதான். இது நீலமும் செம்பழுப்பும் கலந்த, ஒரு சாண்கூட இல்லாத பாட்டுப் பறவை. நம்மில் பலர் வார இறுதியில் போய்வரும் சிக்கமகளூருவின் பாபாபுதன் மலை தொடங்கி நீலகிரி வரை சொல்லப்படும் அதன் எல்லை வரைபடத்தில் நீளமாகத் தெரியலாம். உண்மையில் அது உச்சிகளில் சிதறிய சிறு சிறு தீவுகளே. சோலைக்கிளிகள் தனிப் பேரினம் என்பதே 2017-இல்தான் அறிவியலில் எழுதப்பட்டது. அந்த ஆய்வில் நம் ஊர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் பங்குண்டு என்பதை, சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மந்திக்கு ஒரு முகம் இருந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்ற போராட்டத்தில் அந்த முகம் முன்னால் நின்றது. 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வால்பாறையில் மந்திகள் சாலையில் அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தேயிலையும், யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும், வாட்டில் என்னும் சீகை மரமும் சூழ்ந்துகொண்ட ஒரு துண்டுச் சோலையில் இருக்கும் பறவைக்கு எந்தப் பாலத்தைக் கட்டுவது?

மலை சூடேறினால் இடைமலையில் வாழ்வது இன்னும் மேலே ஏற இடமுண்டு. ஏற்கெனவே மேலே இருப்பது எங்கே ஏறும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீலகிரியில் அதற்கு மேல் மலையில்லை, நடுவர் அவர்களே.