டிராக்டர் ரோல் பாரை வெட்டலாமா, வெல்டிங் வைக்கலாமா?

(காட்சி: கொட்டகை வாசலில் ஒரு டிராக்டர். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் வளைந்த இரும்புக் குழாய், வாசல் உத்தரத்தில் ஒரு சாண் அளவுக்கு இடிக்கிறது. பக்கத்தில் தரையில் ஒரு கிரைண்டர்.)

வணக்கம். இதைப் பார்த்ததுமே பலருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். வண்டி உள்ளே போகாது, இடிப்பது ஒரு சாண்தான், கிரைண்டர் பக்கத்திலேயே கிடக்கிறது. "மேலே ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் வைத்தால் முடிந்தது, இரும்புதானே" என்று தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பு. கலப்பை உடைந்தால் அப்படித்தான் சரி செய்கிறோம், டிரெய்லர் உடைந்தாலும் அப்படித்தான். ஆனால் ரோல் பார் விஷயத்தில் அந்த வழி ஆளைக் கொன்றுவிடும். ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. டிராக்டர் பின்புறமாகக் கவிழ்வதை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து வண்டி முழுதாகப் பின்னால் விழுவதற்கு ஒன்றரை விநாடி போதும். அதில் முதல் முக்கால் விநாடியிலேயே, இனி கிளட்சை மிதித்தாலும் பயனில்லை என்ற கட்டம் தாண்டிவிடும். சக்கரம் எழும்புகிறது என்று மனதில் படுவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். குதித்துத் தப்பிக்கலாம் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. அந்த நேரத்தில் ஓட்டுபவருக்கும் தரைக்கும் நடுவே நிற்பது இந்த வளைந்த குழாய் மட்டும்தான்.

சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் எண்ணிக்கை மிகக் கீழே இறங்கியது. அமெரிக்காவில் 1976 அக்டோபர் 25-க்குப் பிறகு தயாரான, கூலியாட்கள் ஓட்டும் டிராக்டர்களுக்கு விதி வந்தது. 1985 முதல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் பெரும்பாலான புது டிராக்டர்களில் தாங்களாகவே இதைப் பொருத்தித் தர ஆரம்பித்தார்கள். ரோல் பாரும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால் கவிழ்வில் உயிர் போவதை 99 சதவீதம் தடுக்கலாம் என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்கிறது. ஆனால் சோதனையில் தேறிய நிலையில் இருக்கும் ரோல் பாருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், மேற்கொண்டு நான் சொல்லப்போவது எல்லாம் தானாகப் புரியும்.

(காட்சி: சோதனை மேடையின் வரைபடம். ஹைட்ராலிக் தண்டு ஒன்று ரோல் பாரைத் தள்ளுகிறது.)

ஓஇசிடி, அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வகுத்து, பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் விதிமுறைகளில் ஒரு சோதனை இது. முதலில் பின்னாலிருந்து தள்ளுவார்கள். அப்புறம் மேலிருந்து நசுக்குவார்கள். அடுத்து பக்கவாட்டில் தள்ளிவிட்டு, மறுபடி நசுக்குவார்கள். எல்லாம் ஒரே ரோல் பார் மீதுதான். நடுவில் நிமிர்த்தக்கூட அனுமதி இல்லை. டிராக்டரின் எடை 2,000 கிலோ என்றால், நசுக்கும் விசை 40,000 நியூட்டன். அதாவது வண்டி எடையைப் போல இரண்டு மடங்கு. பக்கவாட்டில் தள்ளும்போது ரோல் பார் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் 3,500 ஜூல். 50 கிலோ மூட்டை ஒன்றை 7 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி கிட்டத்தட்ட அவ்வளவு.

"வாங்கிக்கொள்ள வேண்டிய" என்று சொன்னதைக் கவனியுங்கள். வளையாமல் விறைப்பாக நின்றால் போதும் என்று யாரும் கேட்கவில்லை. ரோல் பார் வளையத்தான் வேண்டும். வளைந்து வளைந்துதான் அது அடியை விழுங்குகிறது. ஆனால் முறியக் கூடாது. வளைந்த பிறகும், சீட்டில் இருக்கும் ஆளைச் சுற்றி வரைந்து வைத்திருக்கும் ஒரு இடத்துக்குள் அது வரக் கூடாது. எங்கே வளையணும், எவ்வளவு வளையணும் என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது. குளிரில் இரும்பு படக்கென்று நொறுங்காமல் இருக்குமா என்பதைக்கூட மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பார்க்கிறார்கள்.

இப்போது கிரைண்டருக்கு வருவோம்.

(காட்சி: மேசை மேல் தடிமனான கம்பித் துண்டுகள் இரண்டு, ஒரு அரம்.)

என் கையில் இரண்டு கம்பித் துண்டுகள். ஒரே சுருளிலிருந்து வெட்டியவை. முதலாவதை வளைக்கிறேன், பாருங்கள். அழகாக வளைகிறது, ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவதில் அரத்தால் ஒரே ஒரு இடத்தில் பள்ளம் போடுகிறேன். இப்போது வளைக்கிறேன். கம்பி முழுக்க வளையவில்லை, பார்த்தீர்களா? அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் மடங்குகிறது. திரும்ப ஒரு தடவை. முறிந்துவிட்டது.

ரோல் பாரில் விளக்கு மாட்டப் போடும் துளை இதே வேலையைத்தான் செய்கிறது. முழு நீளத்திலும் பரவ வேண்டிய வளைவு, துளை இருக்கும் இடத்தில் குவிந்துவிடும். அங்கேதான் விரிசல் தொடங்கும்.

(காட்சி: மிக அருகில், குழாயில் போட்ட துளை ஒன்று.)

இந்தத் துளையைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். ஓரம் பிசிராக இருக்கிறது. கீழே ஒரு துருக் கோடு வழிந்திருக்கிறது. மழைத்தண்ணீர் இது வழியாக உள்ளே போய்க் குழாயின் அடியில் தேங்கும். எந்த இடத்தில் அதிகப் பலம் தேவையோ, அந்த அடிப்பகுதி உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விளக்கோ குடையோ மாட்டியே ஆகவேண்டுமா? தயாரிப்பாளரே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள், அதையும் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு.

வெல்டிங் இதைவிட மோசம். ஏனென்றால் அது பலமாகத் தெரியும். வெல்டிங் வரிக்கு இரண்டு பக்கமும் நீலமும் வைக்கோல் நிறமுமாக ஒரு பட்டை ஓடுமே, அது சூடு எவ்வளவு தூரம் பரவியது என்பதைக் காட்டும் அடையாளம். அந்தச் சூட்டில் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. எந்த இரும்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதைப் பொறுத்து ஒரு இடம் இளகிப்போகலாம், ஒரு இடம் கண்ணாடி போல விறைத்துப்போகலாம். விறைத்த இடம் வளையாது, பிளக்கும். இதில் எது நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, முப்பது வருஷம் வெல்டிங் செய்தவராலும் முடியாது.

"கம்பெனியே வெல்டிங் வைத்துத்தானே செய்கிறது?" நியாயமான கேள்வி. ஆமாம், வைக்கிறார்கள். அவர்களுக்கு அது என்ன இரும்பு என்று தெரியும். அதற்கேற்ற ராடும் சூடும் தீர்மானித்து, எங்கே வைத்தால் வளைவைக் கெடுக்காது என்று பார்த்து வைக்கிறார்கள். அப்புறம் அதே வடிவத்தைச் சோதனை மேடையில் ஏற்றி நசுக்கிப் பார்க்கிறார்கள். உங்கள் வாசலில் வைத்த வெல்டிங்குக்குச் சோதனை மேடை எது? கவிழும் அந்த நாள்தான்.

சரி, வெல்டிங் வைக்காமல் உயரத்தை மட்டும் மாற்றினால்? குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. இதற்கு ஒரு கயிறு போதும்.

(காட்சி: ரோல் பார் உச்சியிலிருந்து பானெட்டின் முன்பகுதி வரை இழுத்துக் கட்டிய கயிறு. சீட்டில் ஒருவர்.)

டிராக்டர் தலைகீழாக விழுந்தால் எதன் மேல் உட்காரும்? பின்னால் ரோல் பார், முன்னால் பானெட். இந்தக் கயிறுதான் அப்போது தரை. ஓட்டுபவரின் தலை கயிற்றுக்குக் கீழே இருக்கிறது அல்லவா? இப்போது கயிற்றின் பின்முனையை ஒரு சாண் இறக்குகிறேன். கயிறு நெற்றியில் தொடுகிறது. ரோல் பார் கொஞ்சம் வளையவும் செய்யும் என்று சேர்த்துப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பக்கவாட்டில் சாயும் வண்டி ஒரு பக்கமாகப் படுத்து அங்கேயே நின்றுவிட, உயரமான ரோல் பார் முட்டுக் கொடுக்கிறது. குட்டையாக்கிவிட்டால் அந்த முட்டு போய்விடும், வண்டி மேலும் உருளும்.

உயரத்தைக் கூட்டுவது, கடப்பாரை நீளமானால் நெம்புவது சுலபமாவது போலத்தான். மேலே அதே அடி விழுந்தாலும், உயரம் கால் பங்கு கூடினால் அடிப்பகுதியை வளைக்கும் நெம்பு விசையும் கால் பங்கு கூடும். அடிப்பகுதியும் ஆக்சிலில் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் பழைய கணக்குக்குச் செய்தவை.

போல்ட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. தலையில் எண் பார்த்திருக்கிறீர்களா? 8.8 என்று இருந்தால், முதல் எண்ணை நூறால் பெருக்குங்கள். 800 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும். 10.9 என்றால் 1,000. டப்பாவில் கிடக்கும் சாதாரண 4.6 போல்ட்டு 400-தான். அளவு ஒன்றே, மரையும் ஒன்றே, சரியாகவும் உட்காரும், ஆனால் 8.8-இன் பாதிப் பலம்தான் இருக்கும். ரோல் பாரை ஏதாவது வேலைக்காகக் கழற்றி மாட்டும்போது நடக்கும் தவறு இது. அதே தரப் போல்ட்டு போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

ரோல் பாரில் ஒரு லேபிள் ஒட்டியோ தட்டு அடித்தோ இருக்கும். எந்த மாடலுக்கானது, எந்த விதிப்படி சோதித்தது, பெரும்பாலும் எவ்வளவு எடை வரை என்பதும் அதில் இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். லோடர் மாட்டி, டயரில் தண்ணீர் ஏற்றி, முன்னால் எடைக்கட்டைகளும் வைத்தால் அந்த எடையைத் தாண்டிவிடலாம். ரோல் பாரைத் தொடாமலே அதன் பாதுகாப்பைக் குறைத்த கதைதான் அது. வேறு மாடலின் ரோல் பார் துளைக்குத் துளை பொருந்தினாலும் இதே பிரச்சினை.

மரத்தூர் பிடுங்க ரோல் பாரில் சங்கிலி கட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இழுக்கும் இடம் ஆக்சிலுக்கு மேலே போனால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் புரளும். முதலில் சொன்ன ஒன்றரை விநாடி இதுதான். கட்டுவதென்றால் வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும்.

கவிழ்ந்து எழுந்த ரோல் பாரை என்ன செய்வது? மாற்ற வேண்டும். நேராகத் தெரிந்தாலும்தான். அது விழுங்க வேண்டிய அடியை விழுங்கிவிட்டது, நிமிர்த்தினாலும் அந்தச் சக்தி திரும்பாது. விரிசல் கண்டவை, அடிப்பகுதியில் துரு ஓடியவை இவற்றுக்கும் அதே பதில்தான். பழைய டிராக்டர் வாங்கப் போனால், குழாயை விரலால் மேலிருந்து கீழ் வரை தடவிப் பாருங்கள். கிரைண்டர் ஓடிய இடம் பெயின்டுக்குக் கீழேயும் தட்டையாகத் தட்டுப்படும்.

(காட்சி: மறுபடி கொட்டகை வாசல். ரோல் பாரின் மேல்பகுதி பின்னால் மடங்கியிருக்கிறது.)

கொட்டகை வாசலுக்கு என்னதான் வழி? மடக்கும் ரோல் பார். பழமரத் தோப்பு, தாழ்ந்த கூரை போன்ற இடங்களுக்காகவே வந்தது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரிடம் அது கிடைக்கிறதா என்று கேளுங்கள். பட்டறையில் கீல் வைத்து மடக்கும் வேலை மட்டும் வேண்டாம். கிடைக்கவில்லையா, உத்தரத்தை உயர்த்துங்கள். செலவுதான், ஆனால் உத்தரத்தை வெட்டினால் யாருக்கும் ஆபத்தில்லை.

மடக்கும் ரோல் பாரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மடங்கியிருக்கும்போது சீட் பெல்ட் போடக் கூடாது. பாதுகாப்பு இல்லாத வண்டியோடு உங்களைக் கட்டிப்போட்டதாகிவிடும். வாசலைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். மேல்பகுதியைத் தூக்கி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் லாக் பின் முழுதாக உள்ளே போகட்டும், கிளிப்பை மாட்டுங்கள், கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அப்புறம் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சாவியைத் திருப்புங்கள்.