மெஷினில் 300, கியூசியில் 299.96: ப்ரோப் பொய் சொல்கிறதா?

[காட்சி: வெர்டிகல் மில்லிங் மெஷினின் உள்பக்கம். சுழலும் தண்டான ஸ்பிண்டிலில், தொட்டுணரும் கருவியான ப்ரோப். ரூபி பந்து ஓர் அலுமினிய பிளாக்கைத் தொடுகிறது. பச்சையாக மின்னிக்கொண்டிருந்த விளக்கு சிவப்பாகிறது.]

"அண்ணே, மெஷின்ல ப்ரோப் வச்சுப் பார்த்தேன், 300 சுத்தமா வந்துச்சு."

"தம்பி, இங்க 299.96தான் காட்டுது. டோலரன்ஸ் ரெண்டு பக்கமும் 20 மைக்ரான். ஜாப் அவுட்."

முதல் குரல் மெஷின் ஓட்டுபவருடையது, இரண்டாவது தரச் சோதனை (கியூசி) அறையிலிருந்து. ஜாப் என்பது வெட்டி எடுத்த பொருள். டோலரன்ஸ் என்பது அனுமதித்த விலகல், 20 மைக்ரான் என்றால் 0.02 மில்லிமீட்டர். சிங்கப்பூரின் துவாஸில் ஆகட்டும், உட்லண்ட்ஸில் ஆகட்டும், மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. அடுத்ததாகப் பழி ப்ரோப் மேல் விழும். யாராவது அதைக் கழற்றி மாட்டி, மறுபடியும் கேலிபிரேஷன் ஓட்டுவார்கள். மறுபடியும் அதே 299.96 வரும்.

ப்ரோப் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

[காட்சி: ப்ரோப்பின் உள்ளமைப்பு வரைபடம். மூன்று உருளைகள், ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகளின் மேல்.]

ரூபி பந்தைத் தாங்கும் குச்சிதான் ஸ்டைலஸ். அதன் மேல்முனையில் மூன்று சிறிய உருளைகள். ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த ஆறு தொடுபுள்ளிகள் வழியாக மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. ரூபி பந்து ஜாப்பில் இடித்து ஸ்டைலஸ் லேசாகச் சாய்ந்ததும் ஏதோ ஒரு தொடுபுள்ளி தளரும், மின்தடை ஏறும், சிக்னல் போகும். கன்ட்ரோலர் அந்த நொடியில் அச்சுகள் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளும். ஃபானக் கன்ட்ரோலரில் இதற்கான கட்டளைதான் ஜி31.

1972இல் கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான எரிபொருள் குழாய்களை அளக்க வழி தேடிய ரோல்ஸ்ராய்ஸ் பொறியாளர் டேவிட் மெக்மர்ட்ரி கண்டுபிடித்த அமைப்பு இது. மறு ஆண்டே ரெனிஷா நிறுவனம் பிறந்தது. இன்று சிலேத்தாரில் விமான எஞ்சின் வேலை நடக்கும் கூடங்கள் வரை அதே தத்துவம்தான் ஓடுகிறது.

கவனித்தீர்களா? ப்ரோப் எதையும் அளக்கவில்லை. "இப்போ தொட்டுட்டேன்" என்று மட்டும் சொல்கிறது. அளப்பது, அச்சுகள் நிற்கும் இடத்தைக் காட்டும் மெஷினின் சொந்த ஸ்கேல். ஸ்கேலில் தப்பு இருந்தால் ப்ரோப்புக்கு அது தெரிய வழியே இல்லை.

[காட்சி: மேசையில் ரிங் கேஜ். டயல் இண்டிகேட்டர் முள் ரூபி பந்தைத் தொட்டு நிற்கிறது. ஸ்பிண்டில் கையால் சுற்றப்படுகிறது.]

சரி, ப்ரோப் கேலிபிரேஷன். பந்தில் டயல் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, சுற்றும்போது பந்து மையம் விலகுவதை (ரன் அவுட்) முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள். மீதி இருப்பதை, ஸ்பிண்டிலைக் குறித்த கோணத்தில் நிறுத்தும் எம்19 கட்டளை பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் நின்றால் விலகலும் ஒரே பக்கம்தான் இருக்கும், அதைக் கழித்துவிடலாம். அப்புறம் உள்விட்டம் துல்லியமாகத் தெரிந்த, சான்றிதழ் உள்ள வளையமான ரிங் கேஜுக்குள் இறக்கி, நான்கு பக்கமும் தொடவிட வேண்டும்.

6 மில்லிமீட்டர் பந்து என்றால் ஆரம் 3 வரும் என்று எதிர்பார்ப்போம். கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பந்து சுவரைத் தொட்ட பிறகும், சிக்னல் கிளம்பும்வரை ஸ்பிண்டில் துளியூண்டு நகர்ந்துவிடுகிறது. அந்தத் துளி ஆரத்திலிருந்து கழிகிறது. 2.99 என்று வந்தால் பந்து தேய்ந்துவிட்டது என்று பதறி ஸ்டைலஸை மாற்ற வேண்டாம். ஃபீட், அதாவது நகரும் வேகம், மாறினால் இந்தத் துளியும் மாறும். ஆகவே எந்த ஃபீடில் அளக்கப் போகிறீர்களோ அதே ஃபீடில் கேலிபிரேட் செய்யுங்கள். உருளைகள் மூன்று என்பதால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சாய்வு தேவைப்படாது. நீளமான ஸ்டைலஸில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஸ்ட்ரெயின் கேஜ் வைத்த ப்ரோப்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, விலைதான் கூடுதல்.

ஸ்டைலஸ் மாற்றினால், இடித்துவிட்டால், ஹோல்டரிலிருந்து கழற்றி மாட்டினால் திரும்பவும் செய்தாக வேண்டும். சில நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு ஜாப்பை ஓட்டுவது சோம்பேறித்தனம் என்பேன்.

[காட்சி: டூல் செட்டர். எண்ட் மில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழன்றபடி வட்டத் தட்டின் மேல் இறங்குகிறது.]

டூலின் நீளத்தை அளக்கும் டூல் செட்டர் இதற்குத் தலைகீழ். ப்ரோப் ஸ்பிண்டிலிலிருந்து ஜாப்பைத் தொடுகிறது, இங்கே டூல் வந்து செட்டரைத் தொடுகிறது. வெட்டும் டூலை எதிர்த்திசையில் சுற்றவிட்டு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டை அரைத்துவிடும். ஓரத்தில் வெட்டுத் துண்டுகள் (இன்சர்ட்) பொருத்திய ஃபேஸ் மில்லுக்கு நடு மையத்தில் இறக்கினால் காற்றைத்தான் தொடும். இன்சர்ட் முனை தட்டில் படும்படி பக்கவாட்டில் நகர்த்தி இறக்குங்கள். லேசர் செட்டரில் இடிக்கும் பயம் இல்லை, ஆனால் ஒரு சொட்டு கூலண்டைக்கூட டூல் முனை என்று எண்ணிக்கொள்ளும். ஏர் ப்ளோ அவசியம்.

பலர் கோட்டை விடுவது ஆழத்தில். ப்ரோப்பின் நீளமும் டூல்களின் நீளமும் ஒரே அடிப்படையிலிருந்து வந்திருக்க வேண்டும். ப்ரோப் நீளத்தை மேசை மேல் கேஜ் பிளாக் வைத்து எடுத்துவிட்டு, டூல்களை செட்டரில் எடுத்தால், இரண்டுக்கும் நடுவே 30 மைக்ரான் வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். ஜாப்பில் வெட்டும் எல்லாப் பள்ளமும் (பாக்கெட்) ஒரே மாதிரி 30 மைக்ரான் ஆழம் கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு டூலும் அதே அளவு தப்புகிறதே என்று பார்த்தால், டூலைக் குறை சொல்லாமல் இந்த இடத்தைச் சோதியுங்கள். நீளம் தெரிந்த ஒரே மாஸ்டர் பாரால் செட்டரை அமைத்து, ப்ரோப்பையும் அதோடு ஒப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

[காட்சி: தொழிற்கூடத்தின் ரோலர் ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. வெளியே வெயில். சுவர் வெப்பமானியில் 31.]

இப்போது அந்த 299.96க்கு வருவோம்.

வரைபடத்தில் இருக்கும் எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸுக்கானவை. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நம் ஊர் ஷாப்பில் மதியம் 31. வித்தியாசம் 11 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகு சுமார் 11.5. ஆக 300 மில்லிமீட்டர் அலுமினியம் 76 மைக்ரான் விரிந்திருக்கிறது. மெஷின் ஸ்கேலும் எஃகைப் போல விரிவதாக வைத்துக்கொண்டால் அது 38 மைக்ரான் விரிந்திருக்கும். ஸ்கேல் 300 என்று சொல்லும்போது உண்மை நீளம் 300.038. ஜாப் கியூசி அறையில் 20 டிகிரிக்கு ஆறியதும் 76 சுருங்குகிறது. மிச்சம் 299.962.

ப்ரோப்பில் கோளாறு இல்லை. கியூசி ஆளும் சரியாகத்தான் அளந்தார்.

அதே மெஷினில் எஃகு ஜாப் போட்டால் சண்டையே வராது. ஸ்கேலும் ஜாப்பும் சேர்ந்தே விரிகின்றன, சேர்ந்தே சுருங்குகின்றன. "போன வாரம் எல்லாம் சரியா இருந்துச்சே" என்று குழம்புவது இதனால்தான். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் கிடந்த ஷாப்பில், திங்கள் காலை குளிர்ந்த ஸ்பிண்டிலில் டூல் நீளம் எடுக்காதீர்கள். ஸ்பிண்டில் சூடேறினால் முனை கீழே இறங்கும். முதலில் வார்ம் அப் ஓட்டுங்கள்.

[காட்சி: பால்பார் மெஷினில் வட்டமடிக்கிறது. திரையில் வட்டம், நான்கு முனைகளில் சிறு முட்கள்.]

மெஷினின் ஸ்கேலையும் வடிவத்தையும் சோதிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. மெஷின் அடிக்கும் வட்டம் எவ்வளவு சரி என்று காட்டும் பால்பாரை ஓட்டினால், வட்டம் அச்சைக் கடக்கும் இடங்களில் முள் தெரிந்தால் அச்சு திசை மாறும்போது சிக்கல், 45 டிகிரியில் முட்டை வடிவமானால் அச்சுகள் செங்குத்தாக இல்லை. தூரத்தைத் துல்லியமாகப் பார்க்க லேசர் இன்டர்ஃபெரோமீட்டர். ரிங் கேஜுக்குச் சான்றிதழ் வாங்கும்போது, அந்த ஆய்வகத்துக்குச் சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா ஸ்டிக்கர் ஒட்டித் தருபவர்களும் உண்டு.

ஷாப் முழுக்க 20 டிகிரிக்குக் குளிரூட்ட முதலாளி சம்மதிக்க மாட்டார், கரண்ட் பில்லைக் காட்டுவார். அதற்கு ஒரு வழி: ஜாப்பின் அதே அலுமினியத்தில், அதே நீளத்தில் ஒரு மாஸ்டர் செய்து, கியூசி அறையில் நன்றாக ஆறவிட்டு அளந்து, அளவை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். அதை மெஷினுக்குள் ஜாப் பக்கத்தில், அதே கூலண்ட் படும் இடத்தில் வையுங்கள். ஜாப்பை அளக்கும் முன் ப்ரோப் மாஸ்டரைத் தொடட்டும். எழுதிய அளவைவிட எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அதை ஜாப் அளவிலிருந்து கன்ட்ரோலரில் எழுதிய மேக்ரோ நிரல் கழிக்கட்டும். கன்ட்ரோலரில் வெப்பத் திருத்தம் ஏற்கெனவே போட்டிருந்தாலும் இந்த ஒப்பீடு தாங்கும், மாஸ்டருக்கும் ஜாப்புக்கும் அதே திருத்தம்தானே. வெப்பமானியைப் பார்த்து இன்னொரு கணக்கை மட்டும் இதன் மேல் ஏற்றாதீர்கள், ஒரே வெப்பத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.