'தந்தையே, நீர் சிலுவையில் மரித்தீரே': எங்கே பிழை?

(வன்னிப் பங்குகளின் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களே, அன்பியம் எனும் அயல்வீட்டுச் செபக்குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் செபம் இது: "தந்தையே, நீர் எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே." பக்தியில் குறையில்லை. ஆனால் மரித்தவர் மகன். இருவரையும் ஒருவராக்கிவிட்டால், மரிப்பதற்கு முந்திய இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு யாரிடம் செபித்தார்?

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. சைவ அயலவர் கேட்டால், "இயேசு கடவுள் அனுப்பிய மகான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மனத்தாங்கல் வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த அளவுக்கு நான்காம் நூற்றாண்டுக் குருவான ஆரியுசும் ஒத்துக்கொண்டிருப்பார். மகன் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் இருந்தது என்ற அவருடைய போதனையைத்தான் 325இல் ஆயர்கள் கூடிய நீசேயாச் சங்கம் தள்ளியது. உயிர்த்தவரைப் பார்த்துத் தோமா "என் ஆண்டவரே, என் கடவுளே" என்றார் (யோவான் 20:28). இயேசு அதைத் திருத்தவில்லை. அயலவருக்கும் இதைப் பணிவாகச் சொல்லலாம்.

செபத்தில் பிழை வருவது ஏன்? அடுத்த வசனம் வாயில் வராதபோது "தந்தையே, ஆண்டவரே, இயேசுவே" என்று இடைவெளியை நிரப்புகிறோம். அங்கே மௌனமாக இருந்தாலே போதும். தந்தையை விளித்துத் தொடங்கினால், அவர் செய்த ஒன்றை நினைத்து நன்றி சொல்லி, வேண்டியதைக் கேட்டு, "எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக" என்று முடியுங்கள். இயேசுவோடு பேசத் தொடங்கினால் கடைசிவரை அவரோடேயே பேசுங்கள். பிள்ளைகள் மூன்று வரிச் செபம் எழுதி, யாரை விளிக்கிறார்கள் என்று கீழ்க்கோடு இடட்டும்.

திருப்பலியில் சொல்லும் விசுவாச அறிக்கைகள் இரண்டில், அப்போஸ்தலருடையது சிறியது, தவக்காலத்துக்கும் பாஸ்காக் காலத்துக்கும் பொருத்தம். ஆனால் கிறிஸ்து உண்மைக் கடவுள் என்று வெளிப்படையாகச் சொல்வது நீசேயாவினுடையது. அதையும் வாரம் ஒரு வரியாகப் பழக்குங்கள். மனிதர் ஆனார் என்று சொல்லும் வரியில் எல்லோரும் தலைவணங்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தை விழாவிலும் முழங்காலிட வேண்டும். ஒலிவாங்கியில் அறிக்கையைச் சொல்லி நடத்துபவர் அவசரப்பட்டால் யாரும் குனிய நேரமிராது. அந்த வரிக்கு முன் அவர் ஒரு மூச்சு நிற்கட்டும்.

மடு மாதா திருத்தலத்திலும் இதே கவனம் வேண்டும். 1670இல் மாந்தையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட சொரூபம் என்பதால், உள்ளே நுழைந்ததும் கால் தானாக அன்னையிடம் போகிறது. அன்னைக்கு வணக்கம், மகனுக்கு ஆராதனை. ஆவணித் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, முதலில் மகன் நற்கருணையாக வீற்றிருக்கும் பேழை எங்கே என்று காட்டுங்கள். அதன் முன் வலது முழங்கால் நிலத்தில் பட மண்டியிடப் பழக்குங்கள். முழங்கால் நோவுள்ள பெரியவர்கள் நன்றாகக் குனிந்து வணங்கினால் போதும்.