சாவி வரும் முன்பே வீடு உங்கள் தலையில்: எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவே என்ன நடக்கிறது?

வணக்கம். எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி. இங்கிலாந்தில் ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள், சாவி இன்னும் வரவில்லை. விற்கிறவர் அந்த வீட்டில்தான் சமைக்கிறார், தூங்குகிறார். இன்று ராத்திரி புயல் அடித்து, பக்கத்து மரம் சாய்ந்து கூரையை உடைத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

உங்களுக்கு. ஆமாம், ஒரு நாள் கூடத் தங்காத உங்களுக்குத்தான். இங்கே பெரும்பாலான வீட்டு ஒப்பந்தங்கள் 'ஸ்டாண்டர்ட் கண்டிஷன்ஸ் ஆஃப் சேல்' என்ற நிபந்தனைத் தொகுப்பை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அதன் ஐந்தாம் பதிப்பின்படி, ஒப்பந்தம் ஆன தேதியிலிருந்தே வீட்டுக்கு வரும் ஆபத்து வாங்குகிறவரைச் சேரும். கூரை இல்லாத வீட்டுக்கும் பேசிய முழு விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் கட்டடக் காப்பீட்டைக் குடிபோகிற நாளிலிருந்து எடுக்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் ஆகிற, அதாவது ஒப்பந்தம் உறுதியாகிற நாளிலிருந்து எடுங்கள். இந்த வீடியோவில் இது ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்.

[திரையில்: எக்ஸ்சேஞ்ச் → ? → கம்ப்ளீஷன்]

சரி, அடிப்படையை வேகமாக முடித்துவிடுகிறேன். ஆஃபர் ஏற்கப்பட்டாலும் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது, இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன நொடியில் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் டெபாசிட்டாகக் கட்டப்பட்டு, கம்ப்ளீஷன் தேதியும் ஒப்பந்தத்தில் ஏறிவிடும், அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. கம்ப்ளீஷன் அன்று மீதிப் பணம் போகும், சாவி வரும். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

அந்த எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்கிறது தெரியுமா? நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, பேனா எடுத்து, கைகுலுக்கி... அப்படி எதுவுமே இல்லை. நாம் கையெழுத்துப் போட்ட பிரதி நம் சொலிசிட்டரின், அதாவது வழக்கறிஞரின் கோப்பில் பல நாட்களாகத் தேதி இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும், விற்கிறவருடைய பிரதி அவருடைய சொலிசிட்டரிடம் அதே மாதிரி தூங்கும். ஒருநாள் இரண்டு சொலிசிட்டர்களும் போனில் பேசி, விலை, டெபாசிட், கம்ப்ளீஷன் தேதி எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சரிபார்த்து, 'லா சொசைட்டி ஃபார்முலா பி' (சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி வகுத்த முறை) என்று சொல்லி, மணி எத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது. கையில் இருக்கும் பிரதியை எதிர்ப்பக்கத்துக்காக வைத்திருக்கிறேன், இன்றே அனுப்புகிறேன் என்று ஒரு வழக்கறிஞர் இன்னொரு வழக்கறிஞருக்குக் கொடுக்கிற வாக்கில்தான் வாழ்க்கையின் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கல் நிற்கிறது. நாம் அந்த நேரத்தில் வேலையில் டீ குடித்துக்கொண்டிருப்போம்! எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை.

அப்புறம் அந்த இடைவெளி. தேதி எதுவும் எழுதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து 20 வேலை நாட்கள் என்று அந்த நிபந்தனைத் தொகுப்பு சொல்கிறது. நடைமுறையில் ஒன்றிரண்டு வாரங்கள் வைப்பவர்கள் நிறையப் பேர். ஒரே நாளில் எக்ஸ்சேஞ்ச், கம்ப்ளீஷன் இரண்டையும் முடிக்கவும் சட்டத்தில் தடையில்லை, ஆனால் நான் அதற்கு எதிரி என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் செய்தால், சாமானை எல்லாம் பெட்டியில் கட்டி, வேன் வாசலில் வந்து நிற்கும்போதுகூட எதிர்ப்பக்கம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். காலியான வீட்டை வாடகை வீட்டிலிருந்தபடி, வேறு யாரையும் நம்பாமல் வாங்குகிறீர்கள் என்றால் சரி. குழந்தைகளோடு, நோட்டீஸ் கொடுத்துவிட்ட வாடகை வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: மத்தியானம் 2 மணி.

கம்ப்ளீஷன் நாளன்று பணம் 2 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். 2 மணி 10 நிமிடத்துக்கு வந்தால்? பணம் வந்ததுதான், சாவியும் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் நஷ்டஈட்டுக் கணக்குக்கு மட்டும் அடுத்த வேலை நாளில் வந்ததாக வைத்துக்கொள்வார்கள். இப்போது அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று வையுங்கள். அடுத்த வேலை நாள் திங்கள். பத்து நிமிடத் தாமதத்துக்கு மூன்று நாள் வட்டி!

[திரையில் கணக்கு]

4,00,000 பவுண்ட் வீடு, 40,000 டெபாசிட் கட்டியாகிவிட்டது, மீதி 3,60,000. ஒப்பந்த வட்டி பெரும்பாலும் லா சொசைட்டி வீதம், அதாவது பார்க்ளேஸ் வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 4 சதவீதம். எல்லாம் சேர்த்து 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 79 பவுண்ட், மூன்று நாளுக்கு 237. இதில் விற்கிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அவர் 2 மணிக்குள் வீட்டைக் காலி செய்யவில்லை என்றால் இந்த 2 மணி விதியை வைத்து உங்களிடம் கேட்க முடியாது.

சரி, பணம் ஏன் தாமதமாகிறது? செயின். குரோய்டன் ஃபிளாட்டை ஒரு இளம் ஜோடி வாங்குகிறது, அந்த ஃபிளாட்காரர் ஹாரோவில் வீடு வாங்குகிறார், ஹாரோக்காரர் வாட்ஃபோர்டுக்குப் போகிறார், வாட்ஃபோர்டில் இருக்கும் வயதான தம்பதி கடற்கரைப் பக்கம் வொர்த்திங்கில் ஒரு பங்களோ வாங்குகிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். நாலு குடும்பமும் ஒரே நாளில் இடம் மாற வேண்டும். பணமோ அடியிலிருந்துதான் மேலே ஏறும். இளம் ஜோடியின் மோர்ட்கேஜ் பணம் காலையில் வந்து, அவர்கள் சொலிசிட்டர் அதை அனுப்பி, அடுத்த சொலிசிட்டர் வந்துவிட்டது என்று பார்த்து, பழைய கடனை அடைக்க ஒதுக்கி, மீதியோடு புதுக் கடனைச் சேர்த்து மேலே அனுப்பி... ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் போனால்கூட வொர்த்திங்கில் சாவி கிடைக்கும்போது சாயங்காலம். அதனால்தான் செயினின் அடிப்படியில் இருப்பவர்களுக்கு 12 மணி, 1 மணி என்று நேரத்தை முன்னால் இழுத்து ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள்.

இவ்வளவு பணமும் ஓடுவது பெரும்பாலும் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நடத்தும் சாப்ஸ் என்ற ஒரே குழாயில். 2014 அக்டோபர் 20 அன்று அதன் பின்னால் இருக்கிற கணினி அமைப்பு காலையிலேயே நின்றுபோய், பிற்பகல் வரை எழுந்திருக்கவில்லை. அன்றிரவு 8 மணி வரை அமைப்பைத் திறந்து வைத்துப் பணத்தை அனுப்பி முடித்தார்கள். அது திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய், எல்லோருக்கும் இன்னொரு வாய்ப்பு இருந்தது. வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் சனி, ஞாயிறு எங்கே போய்த் தூங்குவது?

ஆனாலும் எல்லோரும் கேட்பது வெள்ளிக்கிழமையைத்தான். சனி, ஞாயிறில் சாமான் அடுக்கலாம் என்பது நியாயம்தான், நம் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது: வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார், பணம் எங்கோ சிக்கி, வேன் ஓட்டுநர் மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க, நாலரை மணிக்குத்தான் சாவி வந்தது. வயதானவரைக் குளிரில் காரில் உட்காரவைத்த அந்த மூன்று மணி நேரம் எனக்கு இன்னும் வலிக்கிறது. கம்ப்ளீஷனை ஒரு புதன்கிழமை வையுங்கள், பால் காய்ச்சுவதை உங்களுக்குப் பிடித்த நல்ல நாளில் வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை.

பணமே வரவில்லை என்றால்? விற்கிறவர் 'நோட்டீஸ் டு கம்ப்ளீட்' கொடுப்பார், 10 வேலை நாட்கள். அதையும் தாண்டினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து டெபாசிட்டை எடுத்துக்கொள்ளலாம், வீட்டை வேறு ஆளுக்கு விற்று, வந்த நஷ்டத்தையும் உங்களிடம் கேட்கலாம். '5 சதவீதம்தானே கட்டினேன்' என்று தப்பிக்க முடியாது, நோட்டீஸ் வந்ததும் 10 சதவீதத்துக்குக் குறைகிற தொகையையும் உடனே கட்ட வேண்டும். அதனால்தான் இந்த இடைவெளியில் வேலை மாறாதீர்கள், தவணையில் கார் வாங்காதீர்கள் என்று தலைபாடாகச் சொல்கிறேன். கம்ப்ளீஷன் வரை கடன் கொடுப்பவர் மனம் மாறலாம், நீங்கள் மாற முடியாது.

வரிக்கும் கணக்கு கம்ப்ளீஷன் தேதிதான். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லாத வரம்பு 2025 ஏப்ரல் 1 அன்று 4,25,000 பவுண்டிலிருந்து 3,00,000-க்கு இறங்கியது. 4,25,000 பவுண்ட் வீட்டை மார்ச் 31 அன்று முடித்தவருக்கு வரி பூஜ்யம், அடுத்த நாள் முடித்தவருக்கு 6,250. எக்ஸ்சேஞ்ச் பிப்ரவரியிலேயே ஆகியிருந்தாலும் பலனில்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன். பெரிய தொகை நகரப்போகிற இந்த நாட்களில்தான் திருடர்கள் சொலிசிட்டருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியான மோசடி என்றே இதற்குப் பெயர். அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அதிலுள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். முதல் நாள் கையில் வாங்கிய கடிதத்திலுள்ள எண்ணைத் தேடி எடுத்து, நீங்களே கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள்.

உங்களுக்கு எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவே எத்தனை நாள் இருந்தது, சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். இந்த மாதம் எக்ஸ்சேஞ்ச் பண்ணப்போகிற யாராவது தெரிந்தால் இதை இன்றைக்கே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.